கடுக்காய், தோல், சிவப்பு ஒயின்

கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு துவர்ப்பான ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விருந்து முடிந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டு வருகிறது. பிரியாணிக்குப் பிறகு பால் சேர்க்காத கட்டன் டீ கேட்பவர்கள் உண்டு. சீனாவில் எண்ணெய்ப் பதார்த்தங்களோடு தேநீர் குடிக்கிறார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்குச் சிவப்பு ஒயின் துணை. குளிர்கால மாலையில் நெடுநேரம் வெந்த கறியும் ஒரு கிண்ணம் சிவப்பு ஒயினும் அங்கே ஏறக்குறைய ஒரு சடங்கு. தூர தூர நாட்டு மக்கள் வெவ்வேறு பொருள்களை வைத்துக்கொண்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அதற்கான காரணத்தைப் பண்பாட்டில் மட்டும் தேடினால் போதாது. வாய்க்குள்ளும் தேட வேண்டும்.

அப்படித் தேடுவதற்கு வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி நல்ல இடம். வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை சாலையில் இருக்கும் இந்த ஊருக்கும் ஒயினுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு பக்கம் ஜவ்வாது மலை. தேன், புளி, சாமையோடு கடுக்காயும் அந்த மலையிலிருந்து இறங்கி வரும் சரக்கு. மறுபக்கம் பாலாற்றுப் பகுதி. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மலையில் காய்க்கும் கடுக்காயும் ஆற்றங்கரையில் பதமாகும் தோலும் ஒயினின் துவர்ப்பை விளக்கப் போதுமானவை. மூன்றிலும் வேலை செய்வது டானின் என்ற ஒரே வேதிப்பொருள் குடும்பம்தான்.

டானின் தாவரங்கள் தற்காப்புக்காகச் செய்துகொள்ளும் பொருள். பட்டை, இலை, விதை, பழுக்காத காய் என்று பூச்சியும் விலங்கும் கடித்துவிடக்கூடிய இடங்களில் அது சேர்கிறது. வாழைக்காயை வெட்டினால் கையில் ஒட்டும் கறையிலும், பாக்கிலும், நாவல்பழத்திலும், மாதுளைத் தோலிலும், தேயிலையிலும் இருப்பது இதுவே. வேதியியலார் இதை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். கடுக்காயில் இருப்பது நீரால் உடையக்கூடிய வகை. ஆவாரம்பட்டையிலும் திராட்சையிலும் இருப்பது செறிவு வகை, அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து நீண்டவை. இரண்டுக்கும் உள்ள பொதுக் குணம், புரதத்தைக் கண்டால் விடாமல் பற்றிக்கொள்வது.

திராட்சையில் டானின் இருப்பது தோலிலும் விதையிலும் காம்பிலும். சதையில் மிகக் குறைவு. வெள்ளை ஒயினுக்கும் சிவப்பு ஒயினுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் நொதிக்க வைக்கிறார்கள். சிவப்பு ஒயினில் நசுக்கிய பழம் தோலோடும் விதையோடும் நாள்கணக்கில் நொதிக்கிறது. நொதிக்கும்போது உருவாகும் ஆல்கஹால், தோலிலிருந்து சிவப்பு நிறத்தையும், தோலிலும் விதையிலும் உள்ள டானினையும் கரைத்து எடுக்கிறது. கிறிஸ்துமஸுக்காகச் சில வீடுகளில் பீங்கான் ஜாடியில் கருப்புத் திராட்சையையும் சர்க்கரையையும் போட்டு வைப்பார்களே, அதிலும் நடப்பது இதுதான். அந்த ஒயினில் துவர்ப்பு தெரியாததற்குக் காரணம், சர்க்கரை அதை மறைத்துவிடுவதே. இந்தியக் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் இனிப்பு ‘போர்ட்’ வகைகளும் அப்படியே. அவற்றை மட்டும் குடித்துப் பழகியவருக்குச் சர்க்கரை நீங்கிய உலர் சிவப்பு ஒயினின் முதல் வாய் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். நாக்கு சுருங்கி, கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டிக்கொள்வது போலிருக்கும்.

அந்தச் சுருக்கத்தின் காரணம் தோல் பதனிடும் தொட்டியில் இருக்கிறது. உரித்த ஆட்டுத்தோலை அப்படியே விட்டால் அழுகும், உலர்த்தினால் விறைத்துப்போகும். தோலின் உடம்பு கொலாஜன் என்ற புரத நார்களால் ஆனது. கடுக்காய், ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை போன்றவற்றின் சாற்றில் தோலை ஊறவைத்தால், டானின் அந்த நார்களுக்கிடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று கட்டுகிறது. நுண்ணுயிர்களால் பிறகு அந்தப் புரதத்தை எளிதில் சிதைக்க முடிவதில்லை. தோல் பதமாகிவிட்டது. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் சென்னை மாகாணத்திலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சரக்கு இந்த முறையில் தயாரானதே. குரோமியம் உப்பால் பதனிடும் முறை வந்தபின் பட்டைக்கும் காய்க்கும் வேலை குறைந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடும். அந்த வேகத்துக்குப் பாலாறு மாசுபட்டுக் கொடுத்த விலையை, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பில் பார்க்கலாம்.

பதனிடுதலுக்கும் துவர்ப்புப் பொருள்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பழைய, எளிய சோதனைகளில் ஹம்ஃப்ரி டேவி செய்தவையும் உண்டு. இங்கிலாந்தின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை பார்த்த டேவி, துவர்ப்பான தாவரப் பொருள்கள் தோலை எப்படிப் பதனிடுகின்றன என்று ஆராய்ந்து 1803இல் கட்டுரை வெளியிட்டார். அவர் சோதித்த பொருள்களில் பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போன காசுக்கட்டியும் ஒன்று. தாம்பூலத்தோடு இங்கே மெல்லும் அதே காசுக்கட்டி. ஜெலட்டின் கரைசலில் துவர்ப்புச் சாற்றை ஊற்றினால் தெளிந்த நீர் கலங்கி, அடியில் கசடு படியும். கசடு எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு டானின் அந்தச் சாற்றில் இருக்கிறது என்று கணக்கிட முடிந்தது. ஜெலட்டின் என்பது வேறொன்றும் இல்லை, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனை நீரில் வேகவைத்தால் கரைந்து வருவது. ஆகவே டேவியின் குடுவையில் நடந்தது ஒரு குட்டிப் பதனிடுதல்.

வாய்க்குள் தோல் இல்லை, உமிழ்நீர் இருக்கிறது. உமிழ்நீர் வெறும் தண்ணீர் அல்ல. அதில் மிதக்கும் புரதங்கள் நாக்கின் மீதும் கன்னத்தின் மீதும் வழவழப்பான மெல்லிய படலமாகப் படிந்திருக்கின்றன. வண்டி அச்சுக்கு இடும் மசகு போன்றது அது. இருக்கும்வரை அதன் அருமை தெரியாது. டானின் வந்ததும் இந்தப் புரதங்களைப் பற்றித் திரட்டிக் கசடாக்கிவிடுகிறது. மசகு போனபின் நாக்கு அண்ணத்தில் உரசும்போது சொரசொரப்பும் வறட்சியும் தெரிகின்றன. துவர்ப்பு என்பது உமிழ்நீர்ப் புரதத்தை டானின் திரளச்செய்வதன் விளைவு என்ற விளக்கத்தை 1954இல் பிரிட்டிஷ் வேதியியலார் பேட்-ஸ்மித் முன்வைத்தார்.

இதில் ஒரு பொருத்தம் கவனிக்கத்தக்கது. உமிழ்நீர்ப் புரதங்களில் ஒரு பெருங்கூட்டத்துக்குப் ‘புரோலின் மிகுந்த புரதங்கள்’ என்று பெயர். புரோலின் என்பது புரதச் சங்கிலியை மடங்கிச் சுருள விடாமல் திறந்த வாக்கில் நீட்டி வைக்கும் அமினோ அமிலம். தட்டையான வளையங்களைக் கொண்ட டானினுக்கு ஒட்டிக்கொள்ள அது தோதான இடம். கொலாஜனும் புரோலின் மிகுந்தது. தொட்டியில் ஊறும் தோலையும் வாயில் ஊறும் உமிழ்நீரையும் டானின் ஒரே மாதிரி பிடித்துக்கொள்வது இதனால்தான்.

அப்படியொரு புரதத்தை உடல் ஏன் இவ்வளவு சுரக்க வேண்டும்? 1983இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு விடை தருகிறது. டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குத் தின்னக் கொடுத்தபோது, சில நாள்களிலேயே அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் பெருத்து, புரோலின் மிகுந்த புரதத்தைப் பல மடங்கு சுரக்கத் தொடங்கின. பின்னர் நடந்த ஆய்வில், அந்தத் திறன் இல்லாத ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்குகள் அத்தகைய தீனியில் வளர்ச்சி குன்றின. டானின் வயிற்றுக்குப் போய்ச் செரிமானப் புரதங்களைக் கட்டிப்போடும் முன், வாயிலேயே அதற்கு ஒரு பலி கொடுத்துவிடுகிறது உடல். துவர்ப்பு என்ற உணர்வு அந்தப் பலியின் அறிவிப்பு.

தமிழ் மருத்துவ மரபு துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைக்கிறது. இன்றைய உடலியல் நாக்கின் சுவை மொட்டுகள் அறிபவை என்று இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றைச் சொல்கிறது. துவர்ப்பு அதில் இல்லை. எப்படித் தெரியும்? 1993இல் பால் பிரெஸ்லின் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் துவர்ப்புக் கரைசலை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார்கள். சுவை மொட்டு இல்லாத இடம் அது. துவர்ப்பு அங்கேயும் உணரப்பட்டது. அந்த இடத்தை அசைத்தபோது அதிகமானது. 2014இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சுவை நரம்பை மரத்துப்போகச் செய்தும் துவர்ப்பு போகவில்லை. முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்தபோதுதான் மறைந்தது. அதே ஆய்வு, டானின் போன்ற பொருள்கள் அந்த நரம்பு செல்களை நேரடியாகவும் தூண்டுகின்றன என்று காட்டியது. எனவே மசகு போவது மட்டுமே முழுக் கதை இல்லை. அதற்காக அறுசுவைக் கணக்கைத் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. வாயில் உணர்வதை எல்லாம் சேர்த்து எண்ணிய பட்டியல் அது. மொட்டுகளை எண்ணியது அல்ல.

இனிக் கொழுப்பு. கொழுப்பு வாயில் செய்வது டானினுக்கு நேர் எதிரான வேலை. அது வழவழப்பைக் கூட்டுகிறது, அளவுக்கு மீறினால் வாய் முழுக்கப் படிந்து திகட்டுகிறது. பிரெஸ்லின் குழுவே 2012இல் இந்த இரண்டையும் மோதவிட்டது. கொழுப்புள்ள உலர் இறைச்சித் துண்டையும் துவர்ப்பான பானத்தையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். பானத்தைத் தனியாகக் குடிக்கும்போது ஒவ்வொரு மிடறுக்கும் துவர்ப்பு ஏறிக்கொண்டே போனது. முதல் வாயில் லேசாக இருந்தது பிறகு கடுமையானது. இறைச்சிக்குப் பின் வாயில் தங்கிய கொழுப்புணர்வைத் தண்ணீரைவிடத் துவர்ப்பு பானம் நன்றாகக் குறைத்தது. இறைச்சியும் துவர்ப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்தது. ஒன்று மற்றொன்றைச் சமன் செய்கிறது. ஒயினைத் தனியாகச் சுவைத்து மதிப்பெண் போடுவதும், சாப்பாட்டோடு குடிப்பதும் வேறுவேறு முடிவைத் தருவதற்கு இதுவே காரணம்.

பிரான்சின் போர்தோ பகுதி ஆய்வாளர்கள் 2021இல் இன்னொரு வழியையும் காட்டினார்கள். திராட்சை டானின் எண்ணெய்த் துளிகளின் மேற்பரப்பிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. உமிழ்நீரைத் தாக்க மிச்சமிருக்கும் டானின் குறைகிறது. ஒரு கரண்டி எண்ணெய்க்குப் பின் டானின் கரைசலைச் சுவைத்தவர்கள் துவர்ப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். ஆக, கறியில் உள்ள புரதம், கொழுப்பு இரண்டுமே டானினுக்குத் தீனி.

இந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு வேலூர் வட்டாரத்துச் சாப்பாட்டைப் பார்த்தால் எது சேரும், எது சேராது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். முதலிடம் ஆட்டுக்கால் பாயாவுக்கு. மார்கழிக் குளிரில் ஆப்பத்தோடும் இடியாப்பத்தோடும் சாப்பிடும் பாயா, காலின் தோலும் தசைநாரும் மணிக்கணக்கில் வெந்து கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்த குழம்பு. ஆறினால் கட்டியாக உறைவதும், உதடு ஒன்றோடொன்று ஒட்டுவதும் அந்த ஜெலட்டினால்தான். டேவி குடுவையில் ஊற்றிய கரைசல் கிட்டத்தட்ட இதுவே. கேபர்நே சோவின்யோன் போன்ற தடித்த தோலுடைய திராட்சையின் கடுந்துவர்ப்பு ஒயினை வாயில் அடக்க இதைவிடப் பொருத்தமான உணவைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். மட்டன் சுக்காவும் கொழுப்போடு சேர்த்து வறுத்தால் அடுத்த இடத்தைப் பிடிக்கும்.

ஆம்பூர் பிரியாணி சிக்கலானது. சீரகச் சம்பாவும் கறிக்கொழுப்பும் ஒயினுக்கு ஆதரவு. காய்ந்த மிளகாய் விழுது எதிர்ப்பு. மிளகாயின் காரம் எரிச்சலை அறியும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே முனைகளைத் தூண்டும். அதனால் ஆல்கஹால் மிகுந்த, துவர்ப்பான ஒயின் காரத்தை அணைப்பதற்குப் பதில் ஏற்றிவிடும். தோல் மெலிந்த பினோ நுவார் போன்ற திராட்சையில் செய்த மென்மையான ஒயினைச் சற்றுக் குளிர்வித்துக் கொடுத்தால் தப்பிக்கலாம். பிரியாணிக்குத் துணையாக வரும் கத்திரிக்காயை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்திரிக்காயில் புரதம் கொஞ்சம்தான் என்றாலும், எண்ணெய் வழிய வதக்கிய தொக்கில் டானினுக்கு வேலை இருக்கிறது.

மீன் குழம்போடு சிவப்பு ஒயின் சேராது என்பது பழைய விதி. அதற்குக் காரணம் டானின் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 2009இல் ஜப்பானில் ஓர் ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடல் சிப்பிச் சதையோடு பல ஒயின்களைச் சுவைத்து, எந்த ஒயினில் இரும்பு அதிகமோ அதில்தான் கவிச்சி அதிகம் என்று கண்டார்கள். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பொருளை ஒயினில் சேர்த்ததும் கவிச்சி குறைந்தது. ஆகவே இரும்பு குறைந்த சிவப்பு ஒயினாக இருந்தால் மீனோடு சேரும். எந்தப் புட்டியில் குறைவு என்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. இனிப்புப் பண்டத்தோடு உலர் ஒயின் குடித்தால் ஒயின் புளித்துக் கசக்கும். உப்பு அதற்கு மாறானது, கசப்பை அடக்கும். நாவல்பழத்தை உப்பில் தொட்டுத் தின்பவர்கள் இந்தச் சூத்திரத்தை எப்போதோ கண்டுகொண்டார்கள்.

குளிர்காலத்துக்கு வருவோம். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அந்த அறை ஐரோப்பிய அறை. வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மே மாதத்தில் அறையில் வைத்த ஒயினைத் திறந்தால் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்தால் எதிர்க்குற்றம்: மணம் அடங்கிவிடும், துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும். மார்கழி, தை மாத இரவில் கணியம்பாடியிலும் ஜவ்வாது மலை ஊர்களிலும் தானாக அமையும் குளிர், புத்தகம் சொல்லும் அளவுக்கு ஏறக்குறைய நெருங்கி வருகிறது. குளிர்காலத்துக்குச் சிவப்பு ஒயின் என்ற வழக்கத்துக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே உறுதியான நியாயம் இதுதான்.

‘உடம்பைச் சூடாக்கும்’ என்பது நியாயம் ஆகாது. ஆல்கஹால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பு தெரிகிறது. ஆனால் தோலுக்கு வந்த சூடு காற்றில் போய்விடும். உடலின் உள்வெப்பம் உண்மையில் குறையும். மலையில் குளிருக்காகக் குடிப்பது குளிரை வரவழைத்துக்கொள்வது.

இந்தியாவில் துவர்ப்பான உலர் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் நாசிக்கிலிருந்தும் பெங்களூருக்கு அருகே நந்தி மலைப் பகுதியிலிருந்தும் வருகின்றன. ஷிராஸ், கேபர்நே சோவின்யோன் ஆகியவை அங்கே முக்கிய வகைகள். தமிழ்நாட்டின் பெருமைக்குரிய கம்பம் பன்னீர் திராட்சையும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மணமும் இனிப்பும் நிறைந்த மஸ்கட் ஹாம்பர்க் வகை அது. சாப்பிடுவதற்கும் சாற்றுக்கும் அருமையானது. பாயாவை எதிர்கொள்ளும் துவர்ப்பை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. துவர்ப்பு போதாமல் போவதைப் போலவே மிஞ்சிப்போவதும் உண்டு. பிரான்சில் அளவுக்கு மீறித் துவர்க்கும் ஒயினை மென்மையாக்கப் பீப்பாயில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலக்கும் பழைய முறை உண்டு. புரதத்தோடு சேர்ந்து டானின் அடியில் படியும். மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்வார்கள். டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு காணாமல் போவதும் இதே வேதியியல். பாலின் கேசீன் புரதமும் புரோலின் மிகுந்தது. தேயிலை டானினை அது கோப்பையிலேயே பிடித்துவிடுவதால், உமிழ்நீர் தப்பிக்கிறது.

அப்படியானால் இந்தப் பொருத்தத்தில் ஆல்கஹாலுக்கு என்ன பங்கு? திராட்சைத் தோலிலிருந்து டானினைக் கரைத்து எடுத்ததோடு முக்கிய வேலை முடிந்தது. கொழுப்பை வாயிலிருந்து துடைப்பது டானின். அதற்கு மது தேவையில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவுக்குக் கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்திருக்கிறது. பாக்கும் மாற்று ஆகாது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. மார்கழி மாலையில் பாயா சாப்பிடுபவர், கொஞ்சம் கடுமையாக இறக்கிய கட்டன் டீயைச் சர்க்கரை இல்லாமல் மிடறு மிடறாகக் குடித்துப் பார்க்கலாம். பால் மட்டும் சேர்க்கக் கூடாது.